அழகுத்தாயின் கோணல் காசு

ஏலப்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிற அழகுத்தாய், செவ்வாய் வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். இந்தச் சித்திரைக் கொடைக்கு அப்புறம் கோயிலுக்குள் காலை வைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

காரணம், சன்னதியில் தொங்கிய புது மணி. 'கற்பகம் உபயம்' என்று அதில் வெட்டியிருந்தது.

கற்பகம் பக்கத்து வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு மணி வாங்கப் பணம் ஏது? அவள் அழகுத்தாயின் கடைக்கு வந்து பன் வாங்கியபோது மீதிச் சில்லறையில் ஒரு பத்து ரூபாய்க் காசு போயிருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை வட்டம் ஓரமாக ஒதுங்கிப்போன, அழுக்கேறின காசு. அரசாங்கம் அச்சடிக்கும்போதே பிசகிப்போன காசுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். குமுளியில் அந்த வியாபாரம் பண்ணுகிற பிஜுவிடம் கற்பகம் அதை ஏழாயிரத்துக்கு விற்றுவிட்டாள்.

"என் கையால எடுத்துக் குடுத்த காசு தாயே! உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

மணி அடிக்கும்போது கண்ணை மூடினால் அம்மன் முகம் வரவில்லை, கற்பகத்தின் முகம்தான் வந்தது.

அதிலிருந்து கல்லாவில் விழுகிற காசையெல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, மிச்சத்தக் குடுங்க, பஸ்ஸு போயிரும்" என்றால், "போனா அடுத்த பஸ்ஸுல போ" என்பாள்.

ஆடியில் ஒன்று சிக்கியே விட்டது. கற்பகத்தின் காசைவிடக் கோணல். ஆனால் ஒரே கறுப்பு. அழுக்குக் காசுக்கே அவளுக்கு ஏழாயிரம் என்றால், மின்னுகிற காசுக்கு எவ்வளவு? குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள். தங்கமாகப் பளபளத்தது. அம்மன் காலடியில் வைத்து எடுத்து, கற்பகத்தின் காதில் விழட்டும் என்றே "குமுளிக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பிஜு லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அசல் காசுதான் சேச்சி. ஆனா தேச்சுட்டீங்களே!"

"பின்னே? சாமி முன்னால அழுக்கோடயா வைப்பாக?"

"வாங்குறவங்களுக்கு அந்த அழுக்குதான் வேணும். தேச்ச காசுக்கு மதிப்பு இல்ல. முந்நூறு தரலாம்."

முந்நூறு! கற்பகம் கேட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? காசைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

கடை வாசலிலேயே கற்பகம் நின்றாள். "என்ன மதினி, எவ்வளவுக்குப் போச்சு?"

"விக்கலட்டி. அவன் குடு குடுன்னு கெஞ்சுதான். ஆத்தா காலடில வச்சது, பணத்துக்குத் தூக்கிக் குடுக்க மனசு வரல."

கற்பகத்தின் முகம் சுண்டிப்போனது. "நீங்க குடுத்து வச்சவுக மதினி. வீடு தேடி வந்த லட்சுமிய நான்தான் வித்துத் தொலச்சேன். இப்பக் கேட்டா அவன் திருப்பித் தருவானா?"

மலையில் மழை இறங்கியது மாதிரி அழகுத்தாயின் வயிறு குளிர்ந்தது. "மாரியாத்தா, பொய் சொல்லிட்டேன், பொறுத்துக்க" என்று மனசுக்குள் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, கற்பகம் நன்றாகப் பார்க்கட்டும் என்று காசை வெளிச்சத்தில் நீட்டினாள்.