ஓடிய ஒரே கேசட்

பழைய டிவி கேம் வாங்கிவிட்டேன். கேசட் ஒன்றுகூட இல்லை.

ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் ஒருவர், மகனின் கேம் கேசட்டுகளைச் சும்மா தருவதாக எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். இன்று கேம் மெஷினோடு போனேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க தம்பி. பையன் இனிமே வெளிநாட்டுலேருந்து வரமாட்டானாம்."

அவர் வீட்டு டிவியிலேயே போட்டுப் பார்த்தோம். ஊதி ஊதிச் செருகியும் எதுவும் வரவில்லை. கடைசி கேசட்டில் மட்டும் கார் ரேஸ் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத மட்டும் நான் வச்சுக்கிறேன் தம்பி."

"உங்ககிட்ட மெஷின் இருக்கா சார்?"

"இல்ல."

அந்தக் கேசட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஓடாத கேசட்டுகளோடு வீடு திரும்பினேன்.

அவரிடம் மெஷின் இல்லை, என்னிடம் ஓடும் கேசட் இல்லை. யார் நிலைமை மோசம், நீங்களே சொல்லுங்க.