பார்ச்சு நாளின் தேங்காய்ப் பால்

தேங்காய்ப் பால் கெட்டுவிட்டதா இல்லையா என்று தெய்வானைக்குத் தெரியவில்லை.

அலுமினியக் குண்டானில் அது வெள்ளையாகத்தான் இருந்தது. மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தது. நல்ல பாலிலும் அப்படிப் படியும். ஓரத்தில் சில குமிழிகள். பிழிந்து ஊற்றினாலும் குமிழி வரத்தானே செய்யும்? வேறு எந்த வருஷமாக இருந்தாலும் மூடியைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். இப்போது அவள் நன்றாகக் குனிந்தாள். மூக்கு நுனி பாலைத் தொடப் பார்த்தது. ஒன்றுமில்லை. சுவரை முகர்ந்தது போல இருந்தது.

விடிந்ததும் பிழிந்து வைத்த பால். மீன் காலையிலேயே வந்துவிடும் என்றார்கள். படகு தாமதித்து, முள்வாளை வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மலாக்காவின் வெயிலில் தேங்காய்ப் பால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கூடத்தில் அவள் கணவர் சொக்கலிங்கம் பிள்ளை வாழை இலைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் இலை அவருடைய அம்மாவுக்கு. அடுத்தது அப்பாவுக்கு, அதன் அருகே ஒரு சிகரெட் பெட்டி, ஒரு கோப்பை கறுப்புக் காப்பி. பிறகு அண்ணன், சித்தப்பா, பெயர் மறந்துபோனவர்களுக்காகப் பொதுவாக ஒன்று. பொங்கலுக்கு முந்தின நாள், செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் நாள். பார்ச்சு. தெருக்கோடி மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலைமுறைகளாக மலாய் கலந்தே பேசும் குடும்பம்; அவர் அர்த்தம் தெரியாமலே கூடவே முணுமுணுத்தார்.

படைத்து முடியும்வரை எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. இறந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர்களுக்கு. அந்தத் தெருவில் யாரும் கரண்டியில் அளந்து சமைப்பவர்கள் இல்லை. கைக்குத் தோன்றிய அளவு உப்பு, கைக்குத் தோன்றிய அளவு புளி. மற்ற நாட்களில் நாக்கு சரிபார்க்கும். பார்ச்சு அன்று மூக்குதான் எல்லாம். கொதியிலிருந்து எழும் ஆவியை வைத்தே தெய்வானையின் மாமியார் உப்பு குறைவதைச் சொல்லிவிடுவாள். தெய்வானையும் சொல்வாள். போன வருஷம்வரை.

மழைக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் போட்டாலும் நனைந்த அட்டை. இரண்டொரு வாரத்தில் திரும்பி வந்துவிடும் என்று இருந்தாள். வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் நாசி லெமாக் விற்பவள். சாலையோரத்தில் ஒரு மேசை, ஒரு குடை, இலையில் மடித்த தேங்காய்ப் பால் சோறு, மேலே அவளுடைய மிளகாய்ச் சம்பல். சம்பலுக்காகத்தான் காலையில் வரிசை நிற்கும். ருசி தெரியாதவள் கையால் எவன் வாங்கித் தின்பான்? அதனால் அவள் காதால் சமைக்கக் கற்றுக்கொண்டாள். மிளகாய் விழுது எண்ணெயில் முதலில் சளசளவென்று பேசும். பச்சை வாடை போனதும் குரல் தணியும். எண்ணெய் பிரிந்தபின் கிசுகிசுக்கும். உப்புக்கு மட்டும் சத்தம் கிடையாது. அதற்கு வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தாள். முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் நடுவில் ஒரு முகம் என்ன செய்கிறது என்று அவளைப் போல் கவனித்தவர்கள் அந்த ஊரில் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் டாக்சி ஓட்டும் ஹம்தான் முதல் வாயிலேயே கண்ணை இடுக்கினான்.

"என்னக்கா, இந்த வயசுல கல்யாண ஆசை வந்துடுச்சா?"

உப்பு கூடிவிட்டால் சமைத்தவளுக்குக் கல்யாண ஆசை என்பது அங்கே கேலி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து, "நல்ல மாப்பிள்ளையா இருந்தா சொல்லுடா" என்றாள். கை மட்டும் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"மாப்பிள்ள கெடக்கட்டும். உங்க ஓரகத்தி கோயில்ல வச்சு என்ன சொல்றாங்க தெரியுமா? அக்காவுக்குக் கை மாறிப்போச்சுங்கிறாங்க."

ஓரகத்தி என்றால் மங்கா. சொக்கலிங்கம் பிள்ளையின் தம்பி மனைவி. பக்கத்து வீடு. கெட்டிக்காரச் சமையல்காரி. மாமியார் படுக்கையில் விழுந்தபோது பிண்டாங் கரண்டியை மூத்த மருமகளிடம் கொடுத்தாள். வாளை மீனைப் புளியும் மிளகும் தேங்காய்ப் பாலும் விட்டுச் சமைக்கும் அந்தக் குழம்பில்லாமல் அந்த வீட்டில் பார்ச்சு இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மங்கா சாப்பிட்டுவிட்டு ஒரே வார்த்தை சொல்வாள்: "கை சுத்தந்தான். புளிதான் கொஞ்சம் தூக்கல்." தெய்வானைக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் அந்தக் கரண்டி சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டில் இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது.

மகன் தயாளன் கோலாலம்பூரில், மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் உணவகத்தில் சமையல்காரன். இரண்டு மாதம் முன்பு அம்மாவையும் அப்பாவையும் அங்கே உட்காரவைத்துப் பரிமாறினான். தட்டு டயர் அகலம், சாப்பாடு காசு அகலம். வெள்ளைக் கையுறை போட்ட பையன் ஒவ்வொன்றின் பெயரையும் அர்ச்சனை மாதிரிச் சொன்னான். கடைசிக்கு முந்தின தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மீன், அதைச் சுற்றி மஞ்சளாய் மூன்று சொட்டு. தயாளனே கொண்டுவந்து வைத்தான்.

"ஆச்சியோட பிண்டாங். சரியா இருக்காம்மா?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் மென்றாள். நனைந்த அட்டை. "சரியா இருக்குப்பா" என்றாள்.

சொக்கலிங்கம் பிள்ளை கீழே இறங்கிச் சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் இரண்டும், குழம்பை மேலேயே ஊற்றச் சொல்லி இன்னொன்றும் சாப்பிட்ட பிறகுதான் முகம் தெளிந்தார். "பையன் கெட்டிக்காரன்தான். ஆனா வீட்ல சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார். அம்மாவின் ஒரு வார்த்தையை நம்பித் தயாளன் அந்தத் தட்டை உணவகத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டான். ஆனால் அவனுக்கே அதில் ஏதோ குறை. பார்ச்சுவுக்கு வந்து அசலைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நேற்றே வந்துவிட்டான். இப்போது கூடத்தில் அப்பாவுக்குக் குத்துவிளக்குத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

தெய்வானை குண்டானிலிருந்து ஒரு சொட்டைத் தரையில் விட்டாள். பூனை வந்தது, முகர்ந்தது, போய்விட்டது. அது இப்போதுதான் வாளையின் தலையைத் தின்றிருந்தது. அதை வைத்து என்ன தெரிந்துகொள்ள?

கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி மங்கா உள்ளே வந்தாள்.

"இன்னும் அடுப்ப மூட்டலியா? மாமியா பசி தாங்காம எழுந்து வந்து உம் முடியப் பிடிக்கப் போறா."

"மூட்டறேன். அந்தக் குண்டான இங்க எடு."

மங்கா எடுப்பாள், முகம் சுளிப்பாள், தெரிந்துவிடும் என்று நினைத்தாள். மங்கா மூடியோடு எடுத்து மூடியோடு வைத்தாள். வைத்துவிட்டு அம்மியில் மசாலா எப்படி அரைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

தெய்வானை அடுப்பைப் பற்றவைத்தாள். மசாலா வதங்கியது, எண்ணெயின் குரல் தணிந்தது. புளித்தண்ணீர் விட்டாள். அடுத்தது பால். புளி இருக்கும் குழம்பில் நல்ல பாலே லேசாகத் திரியும். கெட்ட பாலும் திரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஊற்றிவிடலாம். படையல் சோற்றுக்கு யாரும் குறை சொல்லக் கூடாது என்பது வழக்கம். மங்காவைத் தவிர மற்றவர்கள் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவார்கள். ஆனால் முதல் இலை மாமியாருடையது. வருஷத்துக்கு ஒரு வேளை சாப்பாடு அவளுக்கு.

குண்டானைத் தூக்கினாள். இறக்கினாள்.

"மங்கா. இத மோந்து பாரு."

"ஏன், ஒனக்கு என்ன?"

"பாரேன்."

"மூத்தவ நீ இருக்கயில நானா? பழியத் தூக்கி எந்தலையில போடப் பாக்குற."

"இன்னும் அடுப்புல ஏறல. ஏறினப்பறம் பழி என்னோடதுதான்."

மங்கா மூடியைத் திறந்தாள். தலை சட்டென்று பின்னால் போனது.

"ஐயே! நாறுதே. வாசப்படியில நின்னாலே தெரியும், இது ஒனக்கு..."

நிறுத்தினாள். தெய்வானையைப் பார்த்தாள். அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்தது. மங்கா மெதுவாக அதைத் தணித்தாள்.

"கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு."

தெய்வானை மூடினாள். முகத்துக்கு அருகே எதையோ நீட்டுகிறாள் என்று தெரிந்தது; சூடு பட்டது. மூச்சை இழுத்தாள். இன்னும் இழுத்தாள்.

"என்னன்னு சொல்லு."

"தேங்காயா?"

கண்ணைத் திறந்தால், மங்காவின் விரல்களுக்கு நடுவே சுட்ட பெலாச்சான் துண்டு. ஒரு வீட்டில் அந்த இறால் விழுதைச் சுட்டால் தெருவே தும்மும்.

மங்கா துண்டைத் திரும்ப அம்மிமேல் வைத்துவிட்டு விரலை இடுப்புச் சாரோங்கில் துடைத்தாள்.

"எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சல்லேருந்து."

"அண்ணனுக்கு?"

"தெரியாது."

"நான் கோயில்ல எத்தன பேருகிட்டச் சொன்னேன் தெரியுமா? அக்காவுக்குத் திமிரு ஏறிப்போச்சு, கண்ட மேனிக்கு உப்ப அள்ளிப் போடுதுன்னு."

"தெரியும். ஹம்தான் வந்து சொல்லிட்டான்."

"அவன் வாயில கொள்ளிய வைக்க" என்றாள் மங்கா. அது ஹம்தானுக்கா தனக்கா என்று தெரியவில்லை. பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "தயாளா! பூன பால்ல வாய வச்சிடுச்சு. ஓடிப்போயி தேங்காயத் துருவி வாங்கிட்டு வா. இப்ப துருவினதான்னு பாத்து வாங்கு!"

வாசலில் மோட்டார்சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. பூனை அடுப்படியில் காலை நக்கிக்கொண்டிருந்தது. மங்கா ஏன் பொய் சொன்னாள்? நல்லதற்கா, இல்லை இந்த ரகசியத்தைச் சமயம் பார்த்துச் செலவழிக்க வைத்துக்கொண்டாளா? தெய்வானையால் அதை முகத்தில் படிக்க முடியவில்லை. ஒரு கடை வரிசையையே படித்தவள்.

புதுப் பால் வந்தது. பிண்டாங் கொதித்தது. மங்கா நாக்கில் ஒரு சொட்டும் படாமல் ஆவியின்மேல் முகத்தை நீட்டி நின்று, வாயைத் திறக்காமல், விரலால் சொன்னாள்: இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். புளிக்கு 'போதும்' சீக்கிரமாகவே வந்தது. தெய்வானையின் கை இன்னும் ஒரு தடவை போகப் பார்த்தது, நிறுத்திக்கொண்டாள்.

சாம்பிராணி போட்டார்கள். சொக்கலிங்கம் பிள்ளை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்தார். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர்கள் சாப்பிட வேண்டும். மாமியார் இப்போது முதல் கவளத்தை எடுத்திருப்பாள் என்று தெய்வானை நினைத்தாள். அவள் முகத்தை மட்டும் பார்க்க முடிந்தால் போதும்.

கதவைத் திறந்தபோது ஊதுவத்தி சாய்ந்திருந்தது. காப்பியில் ஆடை படிந்திருந்தது. இலைகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். படையல் சோறு, யார் முகமும் எதையும் காட்டவில்லை. அவள் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய், மகனிடம் வந்து நின்றது. தயாளன் ஒரு வாய் எடுத்தான். மெல்லுவதை நிறுத்தினான். பிறகு மெதுவாக மென்றான். இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டான்.

"அம்மா" என்றான். "இது வேற. நான் அங்க செய்யறது இது இல்ல. இதுல இருக்கிறது அதுல என்னமோ இல்ல. என்னன்னு சொல்லுங்க."

பார்வைகள் அவள்பக்கம் திரும்பின. மங்கா மட்டும் தன் இலையையே பார்த்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். மிக நிதானமாக எடுத்தாள். ஒரு முள்ளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மிளகு என்று சொல்லலாம். நெருப்பு என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் நம்புவான். நம்பி, அதைத் தட்டில் வைத்துத் தெரியாதவர்களுக்கு முன்னால் நிற்பான்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "அன்னைக்கு அங்க சாப்பிட்டப்பவும் தெரியல. காய்ச்சலோட மூக்கு போயிடுச்சு. ருசியும் போயிடுச்சு. இன்னைக்குப் பிண்டாங் ஒஞ்சித்தி மூக்கு. அவளக் கேளு."

சொக்கலிங்கம் பிள்ளையின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "அதான் அன்னைக்குச் சட்டி கருகறப்பகூட..." என்று தொடங்கி, முடிக்காமல், அவளுடைய இலையில் ஒரு துண்டு மீனை வைத்தார்.

மங்கா ஒருவழியாக முள்ளை எடுத்து ஓரம் வைத்தாள்.

"நீ மிளக வறுக்காமப் போடுவ" என்றாள் தயாளனிடம். "இல்ல?"

"ஆமா சித்தி. நிறம் கெட்டுடும்னு."

"நிறத்தத் தின்னவா வர்றாங்க?" என்றாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி: "இந்த வருஷம் புளி தூக்கல் இல்ல."

மாலையில் இலைகளை வாரும்போது இருவர் மட்டும் இருந்தார்கள். மாமியாரின் கரண்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மங்கா அதை எடுக்கவில்லை. தொட்டு நேராக வைத்தாள், அவ்வளவுதான்.

"நாளைக்குக் கடை உண்டா?"

"பொங்கலாச்சே. மறுநாள்தான்."

"சம்பலுக்கு எத்தன மணிக்கு அடுப்பு மூட்டுவ?"

துணைக்கு வருகிறாளா, கடைமேல் கண் வைத்து வருகிறாளா? தெய்வானை கையைக் கழுவி, பழக்கத்தில் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நாலு மணிக்கு" என்று சரியான நேரத்தையே சொன்னாள்.