அடுத்தவர் ஜுரத்தில் ஒரு கடற்கரை

திடீரென்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. லேக் மார்க்கெட்டின் பின்சந்தில் இத்தனை வருஷம் கடை வைத்துப் பிழைத்ததில் எனக்கு ஆகாதவர்கள் நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் முதலிடம் இவர்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நினைப்பு வரும், ஏழு மணிக்கு ரயிலில் இருப்பார்கள். கையில் சோப்பு இருக்காது, துண்டு இருக்காது, தங்க இடம் இருக்காது. கேட்டால் அதுதான் சுகமாம். பாதி வழியில் தலைவலி மாத்திரை யாரிடம் கேட்பார்கள்? என்னிடம். பூட்டு? என்னிடம். சுகம் அவர்களுடையது, பை என்னுடையது.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தப்பா கடைக்கு வந்தவன். இட்லி மாவு, சாம்பார் பொடி, அப்பளம். மாவுத் தொழிலில் திடீர் என்பதே கிடையாது. காலையில் ஊறப்போட்டதைச் சாயங்காலம் அரைத்தால்தான் மறுநாள் பொங்கும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. என் சுபாவமும் அப்படித்தான். கடையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். டிராம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பேன்.

என் மனைவி வேறு மாதிரி. என் மாமா மகள்தான். மாமா துறைமுகத்தில் வேலை பார்த்தார், அவள் கார்டன் ரீச்சில் வளர்ந்தாள், பி.ஏ. படித்தாள், அலிப்பூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா ஆனாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளி சரளம். அந்த ஆபீஸில் அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் திதி, அதாவது அக்கா. எனக்கும் அப்படியே கூப்பிட வேண்டியிருந்தது. நினைத்த மாத்திரத்தில் ஊருக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. “சோலோ, பேரியே போரி!” என்பாள். வாங்க, கிளம்பிருவோம் என்று அர்த்தம். அதற்கு மேல் அவளிடம் திட்டம் எதுவும் இருந்ததில்லை.

ஒருமுறை ஒரிசாக் கடலோரத்தில் இருக்கிற சாந்திப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர்க் கடல் ஒரு நாளில் சில மணி நேரம் மைல் கணக்கில் பின்வாங்கிப் போய்விடும், பிறகு திரும்பி வரும். எப்போது வரும் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு, நண்டு. நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ்ஸுக்கு ஓடும்போது திரும்பிப் பார்த்தேன், அது அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. “என்ன அனுபவம்!” என்றாள் திதி. கடலைப் பார்க்கப் போய்ச் சேற்றைப் பார்த்துவிட்டு வந்ததற்கு அனுபவம் என்று பெயர்.

இவர்களுக்குச் செலவு குறைவாக ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. கல்கத்தா ஆபீஸ்காரர்கள் பலர் சேர்ந்து கடலோரம் புரியிலோ தீகாவிலோ ஒரு வீட்டை எடுத்து வைத்திருப்பார்கள். ஹாலிடே ஹோம் என்பார்கள். மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும். ஒழுங்கான மனிதர்கள் பதிவு செய்வார்கள். கடைசி நேரத்தில் யாராவது ஒரு ஒழுங்கான மனிதர் வீட்டில் காய்ச்சல் வரும். அந்த அறையும் டிக்கெட்டும் திதியிடம் வந்து சேரும். அடுத்தவர் வீட்டு ஜுரம், இவர்களுக்குக் கடற்கரை.

ஒரு மே மாத வெள்ளிக்கிழமை கடை போன் அடித்தது.

“அத்தான், கடையை அஞ்சரைக்கு அடைச்சிருங்க. புரிக்குப் போறோம்.”

“எப்ப?”

“இன்னைக்குத்தான்.”

“யாருக்கு ஜுரம்?”

“பொரோபாபு வைஃபுக்கு” என்றாள்.

பொரோபாபு அவர்கள் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. அந்த ஆபீஸிலேயே நான் மதித்த ஒரே மனிதர். சனிக்கிழமைதோறும் சொந்தத் தூக்குப் பாத்திரத்தோடு மாவு வாங்க வருவார். எத்தனை மணிக்கு அரைத்தது என்று கேட்டுத்தான் வாங்குவார். அவர் மனைவிக்கு மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. டாக்டர் எளிதாகச் செரிக்கிற உணவு சொன்னதால் இட்லி. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்து புரிக்குப் போகாத வங்காளி என்று நான் அறிந்தது அந்த அம்மாள் ஒருத்தியைத்தான். முதலில் மாமியாருக்குப் பணிவிடை, பிறகு பிள்ளைகள் பரீட்சை, பிறகு வாதம். கடலைப் பார்த்ததே இல்லை. அதற்காக அவர் நாலு மாதமாக ஹாலிடே ஹோம் காவலாளிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் என்ன எழுதினார் என்பதை, நான் மாவு அளக்கும்போது எனக்குச் சொல்வார்.

டிக்கெட்டை என் மனைவி கையில் கொடுத்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். “மா, அந்தக் கீழறைக் கட்டில்ல உக்காந்தா கடல் தெரியுதான்னு மட்டும் பாத்துட்டு வா. தெரிஞ்சா டிசம்பருக்கு எழுதிப் போடுறேன். அவளை ஒரு தடவைதான் என்னால தூக்கிட்டுப் போக முடியும். ரெண்டாம் தடவைக்குத் தெம்பு இல்லை.”

அதைக் கேட்ட பிறகு நான் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன். ஊறிக்கொண்டிருந்த அரிசியையும் உளுந்தையும் எதிர்க்கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தேன்.

டிக்கெட் நாலும் பொரோபாபு குடும்பத்தின் பெயரில். நான் பொரோபாபு, வயது ஐம்பத்தேழு. என் மனைவி அவர் மனைவி. திதியும் அவள் புருஷனும் அவர்களுடைய மருமகள், மகன். மகனுக்கு வயது இருபத்தெட்டு. திதியின் புருஷனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அடுத்தவர் பெயரில் ரயில் ஏறுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஹவுரா பிளாட்பாரத்தில் என் மனைவி முந்தானையால் என் நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டாள். அந்த வங்காளிப் பெயரை நான் நூறு தரமாவது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

“பாபா, டீ சாப்பிடுறீங்களா?” என்றான் வழுக்கைத்தலையன். பாபா என்றால் அப்பா. வண்டி நகர்ந்ததிலிருந்து அவனுக்கு இதே விளையாட்டு.

“சும்மா இருங்க, செக்கர் வாரான்” என்றேன்.

“அப்பா பயந்துட்டார்! அம்மா, அப்பாவைப் பாருங்க!”

என் மனைவியும் சிரித்தாள். செக்கர் வந்தார். பட்டியலைப் பார்த்தார். இருபத்தெட்டு வயது வழுக்கையைப் பார்த்தார். நாலு டிக் அடித்துவிட்டுப் போனார். என்னிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க நான் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

“பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகலை. நீங்கதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுதீங்க” என்றாள் என் மனைவி. ஒன்றும் ஆகவில்லை என்பதை இவர்கள் தங்கள் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

காலையில் ஹாலிடே ஹோமுக்குப் போனபோது காவலாளி வாசலில் நின்றிருந்தார். ஒரியாக்காரர், வயதானவர். பயணம் ரத்தானது அவருக்குத் தெரியாது. யார் சொல்வது, எப்படிச் சொல்வது? கையில் மூன்று போஸ்ட்கார்டு வைத்திருந்தார். “நீங்க எழுதினபடி எல்லாம் செஞ்சு வச்சிருக்கேன் பாபு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கூசியது. விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மா வரலையா?” என்று கேட்டுவிட்டுச் சக்கர நாற்காலிக்காக வாசற்படியில் சரிவாக ஆணி அடித்து வைத்திருந்த பலகையைப் பார்த்தார்.

பலகை மட்டுமல்ல. குளியலறையில் கைவைத்த நாற்காலி. கட்டிலைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலோரத்துக்கு நகர்த்தியிருந்தார். கொசுவலை. மூடிபோட்ட பானையில் கொதித்து ஆறிய தண்ணீர். என் வாழ்நாளில் நான் போய் இறங்கிய இடங்களில், எனக்கு முன்னால் எனக்காகக் கவலைப்பட்டு வைத்திருந்த இடம் அது ஒன்றுதான். அதுவும் எனக்காக இல்லை.

திதி அந்த அறை வாசலோடு நின்று மூக்கைச் சுளித்தாள். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. மாடியில காலியா ஒரு ரூம் இருக்காமே!” என்று ஏறிப் போய்விட்டாள். மாடி பால்கனியிலிருந்து அவள் “ஆஹா!” என்று கத்தியது கீழே கேட்டது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ஒரு சுவர் தெரிந்தது. புத்தம்புதுச் சுவர், பக்கத்து ஹோட்டலுடையது.

“போன துர்கா பூஜைக்குப் பிறகு கட்டினாங்க பாபு” என்றார் காவலாளி. “எழுந்து நின்னா கடல் தெரியும். அதனால எழுதலை.”

எழுந்து நின்றேன். தெரிந்தது. அந்த அம்மாளால் எழுந்து நிற்க முடியாது என்பதை அவருக்குச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மத்தியானம் மிட்டாய்க்கடைப் பக்கத்து பூத்திலிருந்து திதி கல்கத்தாவுக்குப் பொரோபாபுவிடம் போன் போட்டாள். அவரை அவள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவாள். “ஃபர்ஸ்ட் கிளாஸ் தாதா! எல்லாம் நீங்க எழுதினபடியே! படுத்துக்கிட்டே கடல் பாக்கலாம், கவலையே படாதீங்க!”

அவள் போனை வைத்ததும் நான் சொன்னேன்: “நீங்க அந்த ரூமுக்குள்ள காலே வைக்கலையே. அங்க சுவர்தான் தெரியுது.”

“ஜாமாய்,” என்றாள். மாப்பிள்ளை என்று அர்த்தம். தங்கை மாதிரியானவளின் புருஷன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “பாவம், அந்த மனுஷன் நாலு மாசமாக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டுமே. போய்ப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

போய்ப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். இவர்கள் வேதமே இந்த ஒரு வரிதான். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் குலுங்கி, நாலு பேர் தூக்கி வைத்து, ஜன்னலைத் திறந்தால் சுவர். அப்போதும் இவள் அதற்கு அனுபவம் என்று பெயர் வைப்பாள். எனக்கு அங்கேயே பூத்துக்குள் போய் இன்னொரு போன் போடும் துணிச்சல் வரவில்லை. என் மனைவிக்கு அவள் மேலதிகாரி மாதிரி. நாளைக்கு ஆபீஸில் என்ன ஆகும் என்று நினைத்தேன். நான் நினைக்காத விபரீதம் எது?

மூவரும் கடலுக்குப் போக இருந்தார்கள். நான் வரவில்லை என்றேன். என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இங்க உக்காந்து என்ன செய்யப்போறீங்க?”

பையிலிருந்து சணலை எடுத்தேன். கடையில் பொட்டலம் கட்டுகிற சணல்தான், ஒரு உருண்டை எப்போதும் வைத்திருப்பேன். “நான் கட்டில்ல இருந்து மெல்ல எந்திரிக்கேன். கடல் தெரியுதுன்னு நான் சொன்னதும் தரையிலேர்ந்து என் கண்ணு வரைக்கும் சணலைப் பிடி. அந்த இடத்துல முடிச்சுப் போடணும்.”

“இது என்ன கூத்து அத்தான்?”

“பிடியேன்.”

வெளியில் வழுக்கைத்தலையன் “அம்மா, அப்பாவை விட்டுட்டு வாங்க!” என்று கத்தினான். அவள் செருப்பைக் கழற்றினாள். கடல் தெரிந்த இடத்தில் நான் அரைகுறையாக நின்றேன்; அவள் சணலைக் கண்ணோரம் வைத்து முடிச்சுப் போட்டாள். இன்னொரு முடிச்சு கட்டிலின் உயரத்துக்கு. கீழ் முடிச்சு கட்டில், மேல் முடிச்சு கடல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாவை எடுத்துக்கொண்டு நானே பொரோபாபு வீட்டுக்குப் போனேன். அவர் டிசம்பர் விண்ணப்பத்தை எழுதி உறையில் போட்டு வைத்திருந்தார். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. நின்றபடியே சுவரைப் பற்றிச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அவ ஏன் அப்படிச் சொன்னா?” என்று கேட்டார். நான் பையிலிருந்து சணலை எடுத்தேன்.

அந்த அம்மாள் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்கத்தாவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதனால் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பார்கள். பெட்டி, அரிசி டின் எல்லாம் அடியில் போகும். அந்தக் கட்டிலும் காலுக்கு இரண்டு செங்கல் மேல்தான் நின்றது. அந்த அம்மாள் மூன்று வருஷமாக ஏறி இறங்கிப் பழகியது அந்த உயரம். என் கடைக்குப் பின்னால் இருக்கிற கட்டிலும் அப்படித்தான். அதனால்தான் புரியில் அந்தக் கட்டிலைப் பார்த்ததுமே, இது தரையோடு தரையாகக் கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

சணலைத் தரையில் வைத்து, “காக்கிமா, கொஞ்சம் நேரா உக்காருங்க” என்று சித்தி முறை வைத்துச் சொல்லி அவர் கண் வரைக்கும் பிடித்தேன். கீழ் முடிச்சு அவர் கட்டிலுக்கு இரண்டு செங்கல் உயரம் கீழே நின்றது. மேல் முடிச்சு அவர் கண்ணுக்கு மூன்று விரல் கீழே நின்றது. பொரோபாபு குனிந்து பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அங்க ரெண்டு செங்கல் வச்சா?”

“சுவருக்கு மேல தெரியும்” என்றேன்.

அந்த அம்மாளுக்கு வாய் ஒரு பக்கம்தான் அசையும். “எவ்வளவு தெரியும்?” என்று கேட்டார்.

என் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

“இதுக்கா இந்தக் கிழவர் நாலு மாசம் கடுதாசி எழுதினார்?” என்று சொல்லி அந்த ஒரு பக்க வாயால் சிரித்தார்.

விண்ணப்பத்தோடு காவலாளிக்கு நாலாவது போஸ்ட்கார்டும் போயிற்று. எட்டுச் செங்கல், உடையாதது, ஒரே அளவு. விஷயம் எப்படியோ ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. திதி டிபன் நேரத்தில் என் மனைவியிடம், “உன் வீட்டுக்காரர் புரிக்குப் போய் செங்கல் எண்ணிட்டு வந்தாராமே!” என்று சிரித்திருக்கிறாள். கொஞ்ச நாள் எனக்குச் செங்கல் ஜாமாய் என்று பெயர்.

டிசம்பரில் அவர்கள் போனார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பொரோபாபு தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

“பாத்தாங்களா?” என்றேன்.

“மூணு நாளும் அதைத்தான் பாத்தா. ஜன்னலைச் சாத்த விடலை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒரு குறை சொல்லுதா தம்பி. ராத்திரி பகல் சத்தம் போட்டுக்கிட்டே இருக்காம். அதைச் சும்மா இருன்னு சொல்ல அங்க ஆளே இல்லையாம்.”

அன்றைய மாவு எத்தனை மணிக்கு அரைத்தது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை என் மனைவி ஆபீஸ் விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை. பொரோபாபு புரியைப் பற்றி ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தபோது திதி குறுக்கே பேசினாளாம்: “நான்தான் அப்பவே சொன்னேனே தாதா, படுத்துக்கிட்டே கடல் பாக்கலாம்னு! நீங்கதான் வீணாக் கவலைப்பட்டீங்க.”

“நீ என்ன சொன்ன?”

“எந்திரிச்சு வந்துட்டேன்.” அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். பிறகு, “அத்தான், அந்தச் சணல் எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

அது கடையில் இல்லை. எப்போதோ யாருக்கோ அப்பளக் கட்டு கட்டிக் கொடுத்துவிட்டேன்.

“முடிச்சோடயா?” என்றாள்.

“முடிச்சோடதான்.”