ஏழு மீட்டர் பாவு

என் மனைவி கத்துகிறவளாக இருந்திருந்தால் எனக்குப் பாதிக் கவலை இருந்திருக்காது. கத்துகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவள் கேட்டுக்கொள்வாள். தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் தொலைபேசிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது, சாக்கடை கலக்கிறது என்று ஊரே அவள் காதில் கொட்டும். "சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். நாம் சொன்னது எங்கேயோ குறிக்கப்பட்டுவிட்டது என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐந்து மணி ரயிலில் என் அண்ணன் வருகிறார், எங்களோடேயே இருந்துவிட. அண்ணி இறந்துபோய் ஒரு வருடமாகிறது. தனியாக முடியவில்லை என்றார், வாங்க என்றேன். இதுவரை அவளுக்கும் தெரியும். ஹாலில் ஜன்னல் பக்கம் கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து, மறைப்புக்குத் திரைகூடத் தொங்கவிட்டிருந்தாள். அவளுடைய பின்னறையை அண்ணனுக்குக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டதுதான் அவளுக்குத் தெரியாது.

அந்த அறையைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்த காரியத்தின் லட்சணம் புரியும். ஒன்பது வருடம் அவள் நூல் நூற்றது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சந்தில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து. யாராவது குளிக்கப் போனால் ராட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழிவிடுவாள். நூல் அறும். திரும்ப உட்கார்ந்து முடிபோட்டு ஆரம்பிப்பாள். உறவுக்காரர்கள் "விக்கவா நூக்கறே?" என்று கேட்டால், "இல்ல, பிடிச்சிருக்கு" என்பாள். அதோடு சரி.

மகன் வேலைக்கு வெளியூர் போனதும் பின்னறை காலியானது. அவளே சுண்ணாம்பு அடித்தாள். நூல் கண்டுகளைத் தொங்கவிடச் சுவரில் முளை அடித்தாள். பஞ்சுக்கு ஒரு அலமாரி, ஜன்னலோரம் மிதி ராட்டை, நடுவே யாரோ ஒருவர் கழித்துக் கட்டிய தறி. அது ஒரு மூட்டைக் கட்டைகளாக வந்தது. பூட்டி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாளாம், ஒரு மணி நேரம். நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நான் அதைத் தூக்கித் தானம் செய்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, "கொஞ்சம் வந்து பிடிக்கிறீங்களா?" என்றாள். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; அதை உருளையில் சுற்றுவது ஒருவரால் ஆகாத வேலை. முந்நூற்று அறுபது இழை, ஒவ்வொன்றும் ஏழு மீட்டர், பதினோரு மாதமாக அவள் கையால் நூற்றது. அவள் தறிக்குப் பின்னால் உருளையைத் திருப்புவாள். இன்னொருவர் மறுநுனியை இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டால் எல்லாம் சிக்கி, அப்புறம் கத்தரிக்கோல்தான். அறையின் நீளம் போதாததால் நான் கதவைத் தாண்டிச் சந்தின் கடைசியில் நின்றேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது, கோழைகளுக்கு வருகிற மாதிரி. அவள் ஏழு மீட்டர் தள்ளி இருக்கிறாள். இரண்டு கையும் வேலையில். சொல்வதற்கு இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது.

"அண்ணனுக்கு ஹால் சரிப்படாதுன்னு தோணுது" என்று ஆரம்பித்தேன்.

உருளை ஒரு சுற்று சுற்றியது. அடுக்குக்கு நடுவே காகிதத்தைச் செருகினாள்.

"பின்னறையைத் தர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

இன்னொரு சுற்று. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சுற்றச் சுற்ற பாவு உள்ளே போகிறது; அதன் நுனியில் இருக்கிற நானும் கூடவே போகிறேன். சந்தைத் தாண்டிவிட்டேன். கதவுநிலை தோளில் இடித்தது.

"தறியை எங்க வைக்கறதா உத்தேசம்?"

"பிரிச்சு பரண்ல... ராட்டையைப் பழையபடி சந்துலயே..."

"இடது கை தளருது. இழுத்துப் பிடிங்க."

இழுத்துப் பிடித்தேன். என் விரல் நுனிகள் நீலம் பாரித்துவிட்டன. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. வலிக்கிறது என்று சொல்ல எனக்கு முகமில்லை. அவள் பல்சக்கரத்தில் கொக்கியை மாட்டினாள். அவள் பக்கம் பூட்டிக்கொண்டது. என் பக்கம் பூட்டு இல்லை. நேரே என்னிடம் வந்து, என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அண்ணனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க. அந்த ரூம் இல்லேன்னு."

விட்டுவிட்டு ஓடவும் முடியாது. மணி அடித்தது. பின்னால் ரயில் சத்தத்தோடு அண்ணன் குரல்.

"சொல்லுடா. வண்டி சரியான நேரத்துக்குத்தான் வருது."

"அண்ணா, அந்த ரூம் விஷயம்..."

"அதைத்தான்டா நானும் நெனச்சுக்கிட்டே வர்றேன். வந்ததும் முதல்ல அவளுக்கு நன்றி சொல்லணும். அவளே வாயத் தொறந்து 'என் ரூமை அத்தானுக்குக் குடுங்க'ன்னு சொன்னான்னு நீ சொன்னப்ப, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுடா."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அறையைக் கொடுத்ததை அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவள் சொல்லாத வார்த்தையை அவள் வாயில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போயாயிற்று. இனி சாண் என்ன, முழம் என்ன?

"அவ சொல்லல அண்ணா. அவளுக்கு இப்பதான் தெரியும். நானா சொன்ன பொய்."

அண்ணன், "போனை வை" என்றார்.

அவள் போனை என் பையில் திரும்ப வைத்தாள். கொக்கியை எடுத்துவிட்டுச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி கிட்டே போனேன். கடைசியில் எங்களுக்கு நடுவே தறி மட்டும்தான் இருந்தது. அவள் மூச்சு கேட்டது.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லியிருக்கீங்க?"

எண்ணிப் பார்த்தேன். என் தங்கை பரீட்சைக்குப் படிக்க வந்து இரண்டு வருடம் இருந்தது. என் கடையில் வேலை பார்க்கும் பையன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டையே ஒழித்துக் கொடுத்தது. இரண்டும் அவள் சொன்னதாகத்தான். அவளுக்கு மேலாளர் பதவி வந்தபோது வேறு ஊர் போக வேண்டும் என்றார்கள். வாரியத்துக்குப் போன் போட்டு, அவளுக்கு அதில் இஷ்டமில்லை என்றது யார்? அதுவும் நான்தான்.

இழைகளைக் கம்பில் கட்டிவிட்டு, "விடலாம்" என்றாள். என் விரல்கள் பிரியவே இல்லை. அவளும் பிரித்துவிடவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை. அண்ணன் ரோஷக்காரர். அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்தேன். போன் போட்டால் எடுக்கவில்லை. அவள் ஹாலில் அந்தக் கட்டிலின் விரிப்பை இரண்டாவது தடவையாகச் சரிசெய்தாள்.

ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றாமல், பெட்டியைக் கீழே வைக்காமல், வாசலிலேயே நின்றுகொண்டு என் தோளுக்கு மேலாக அவளைக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. நான் இங்க இருக்கறதுல உனக்குச் சம்மதமா? அந்த ரூமைப் பத்தியும் நீயே சொல்லு."

"அவளுக்கென்ன அண்ணா, அவ..." என்று என் நாக்கு பாதி தூரம் போய்விட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க இருக்கணும் அத்தான்" என்றாள். "எனக்கு மனசார சம்மதம். ஆனா அந்த ரூமைத் தர மாட்டேன்."

அண்ணன் "சரிம்மா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார். இருபத்தாறு வருடத்தில் அவள் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. யாரும் அவளைக் கேட்க நான் விட்டதே இல்லை.