உமர் பாருக் முறுக்கிப் பார்த்த ஆக்சில்

உத்தமபாளையத்தில் உமர் பாருக்கின் பட்டறைக்குள் சுந்தர்ராஜ் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் இருவரும் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் ஒன்றின் பின்சக்கரம், கம்பம்மெட்டு வளைவில் ஆக்சிலோடு கழன்றுவிட்டது. மாட்டியவன் சுந்தர்ராஜ். ஜீப்புக்காரர் வந்து சத்தம் போட்டபோது, "உமருதான் மாட்டுனான்" என்று கைகழுவினான். அன்றோடு முறிந்தது. அவன் பழனிசெட்டிபட்டிக்குப் போய் இன்ஜின் வேலையில் பெயரெடுத்தான். மலையேறும் வண்டிகளின் ஆக்சிலுக்கு உமர் என்று ஆனது. கோபம் மட்டும் ஆறவில்லை.

போன வருடம் கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மகள் திரிஷா ஒரு பழைய காரைக் கொண்டுவந்தாள். நானூறு மீட்டர் நேர்கோட்டில் சீறிப் பாயும் பந்தயத்துக்கான கார். அவளே ஓட்டப் போகிறாள்.

"இன்ஜின் யாரு வேல?"

"சுந்தர்ராஜ் அண்ணன்."

உமர் ஸ்பேனரைத் தரையில் வீசினார். "அப்ப ஆக்சிலையும் அவனையே பாக்கச் சொல்லு."

"காரோட ஆக்சிலே போதும், கனம் கூடினா வேகம் போயிரும்ங்கிறாக. எனக்கு நம்பிக்கையில்ல பாய்."

அந்த ‘நம்பிக்கையில்ல’தான் அவரைக் கட்டிப்போட்டது. குனிந்து பார்த்தார். ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் கட்டைவிரல் பருமன்தான். "அகல டயரு தரையக் கவ்விக்கிரும். இன்ஜின் ஒரே அடியா இழுக்கும். நடுவுல சிக்குறது இந்தக் குச்சி. முறிஞ்சா சக்கரம் தனியாப் போயிரும். அந்த அறிவுகெட்ட பய இதுல உன்ன உக்கார வைக்கப் பாத்தானா?"

சரக்கு வேன் ஒன்றின் கனத்த ஆக்சிலை எடுத்தார். அது காருக்கு அகலம் அதிகம். இருபுறமும் வெட்டிக் குறுக்கி, ஷாஃப்டின் முனையில், கியரோடு கோப்பதற்குப் புதிதாகப் பல் வெட்டினார். சேதி போய், திரிஷா பட்டறையில் இருந்த நேரம் சுந்தர்ராஜ் வந்து வாசலில் நின்று அவளிடம் சொன்னான்.

"ஷாஃப்டுக்கு மேல்தோலுதான் கடினம். அத வெட்டி எறிஞ்சிட்டு, மறுபடி சூடேத்திக் கடினமாக்காமப் பல்லு போட்டிருக்கான். மொத இழுப்புலயே போயிரும்."

"எனக்கு ஆக்சில் சொல்லித் தர்றியாடா? போடா வெளிய!"

"வெளியதான் நிக்கிறேன். உன் ஆத்திரத்துக்கு அந்தப் புள்ளையக் கொன்னுறாத."

உமர் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். திரிஷா குறுக்கே வந்தாள். "ரெண்டையும் என் கண்ணு முன்னாடி முறுக்கிக் காட்டுங்க."

ஷாஃப்டின் ஒரு முனையைத் தரையில் இறுக்கி, மறுமுனையில் பத்தடிக் குழாயைக் குறுக்காகக் கோத்து, அதன் நுனியில் உமர் தொங்கினார். முதலில் காரின் ஷாஃப்ட். அவர் பாரத்தில் பாதி விழும்போதே படாரென்று முறிந்தது. சுந்தர்ராஜ் முகம் செத்துப்போனது. உமருக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்து தன்னுடையது. அவர் வெட்டிய பல் வரிசை மெல்லச் சாய்ந்து, பிறகு சிதைந்தது. அவன் சொன்னது சரி. அதைப் பார்த்த கணத்தில் அவனை முன்னைவிட அதிகமாக வெறுத்தார்.

"உங்க சண்டைய என் காருலயா போடுறீக?" என்றாள் திரிஷா.

வெட்டவே தேவையில்லாத ஆக்சில் வேண்டும். உமர் மூன்று நாள் பழைய இரும்புக் கடைகளில் அளவுகோலோடு அலைந்தார். அல்லிநகரத்தில் ஒரு சிறு வேனின் அடியில் கிடைத்தது. காருக்கேற்ற அகலம், இரண்டு விரல் பருமனில் ஷாஃப்ட். வலது ஷாஃப்டை முறுக்கியபோது குழாய்தான் வளைந்தது. இடதையும் முறுக்கிப் பார்த்த பிறகே மாட்டினார்.

கோவைப் பக்கத்து ஓடுதளத்தில் அவள் மூன்று முறை பாய்ந்தாள். மூன்று முறையும் ஆக்சில் தாங்கியது. தன் பிரிவில் இரண்டாவதாக வந்தாள்.

காருக்கு இந்தப் பக்கம் உமர், அந்தப் பக்கம் சுந்தர்ராஜ்.

"அடுத்த பந்தயத்துக்கு இன்ஜின் இழுப்ப இன்னும் கூட்டுவேன்" என்றான் சுந்தர்ராஜ், திரிஷாவைப் பார்த்து.

"கூட்டுனா இது தாங்காதுன்னு சொல்லு அவன்கிட்ட" என்றார் உமர், அவளிடமே.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "காருக்கு அந்தப் பக்கந்தான் நிக்கிறாக. நேராச் சொல்லுங்க."

உமர் ஜாக்கியைப் போட்டுக் காரின் அடியில் படுத்து, எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.