கோட்டைச் சிறைக்கு நான் எழுதிய வரலாறு

போன வாரம் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். வௌவால் புழுக்கை நாற்றம் குப்பென்று அடித்தது. கருமம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாலும், மனசு நேராகப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோட்டைச் சிறைக்குப் போய்விட்டது.

கோட்டை என்றதும் அகழி, யானை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். பாளையக்காரர் வாரிசு ஒருவரின் ஓட்டு வீடு, இடுப்பளவுக்கு இடிந்த மதில். பின்கட்டில் தரைக்குக் கீழே, இதே வௌவால் நாற்றத்தோடு ஜன்னலில்லாத ஓர் அறை. அவருடைய முன்னோர் ஆட்களைப் பூட்டிவைத்த இடம். தொண்ணூறுகளில் பொள்ளாச்சியில் தடுக்கி விழுந்தால் சினிமா ஷூட்டிங். வீட்டை அதற்கு வாடகைக்கு விட்டுவந்த அந்தப் பெரிய மனிதரிடம், சிறைக்கு ஒரு வரலாறு இருந்தால் கிராக்கி கூடும் என்று எவனோ ஓதிவிட்டான். உள்ளூர்ப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரு போர்டுக்கு ஆவுற மாதிரி எழுதிக் குடுத்துப்போடுங்க. எதிரிப் படைத் தளபதி, கொள்ளக்காரன், அந்த மாதிரிங்க."

எந்த எதிரி? எந்தப் படை? அந்த வம்சம் வாளைக் கையிலெடுத்ததே ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கத்தான்.

விஷயம் தெரிந்து ஊர் நர்ஸ் தேவமணி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பெரிய வீட்டுப் பண்ணையில் பாடுபட்ட குடும்பம். அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இறைக்க வராமல் மாதா கோயிலுக்குப் போயிருக்கிறார். பிடித்து அந்த அறையில் போட்டார்கள். மூன்றாம் நாள் பிணமாக வெளியே எடுத்தார்கள்.

"அவரு பேர வாயில எடுக்கவே எங்கூட்டுல பயமுங்க சார். எங்கப்பன் சாகறப்பத்தான் எனக்கே சொன்னாரு. பேர மட்டும் போட்டுருங்க. வேற ஒண்ணும் வேண்டாங்க."

எழுதினேன். கேட்டபடி ஓர் எதிரித் தளபதியை இட்டுக்கட்டி, அதற்குக் கீழே அந்த அப்பாரு பெயரையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதினேன். பெரிய மனிதர் என்னைச் சாப்பிட உட்காரவைத்துப் பக்கத்திலேயே அமர்ந்து படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இது எதுக்குங்க? பாயசம் ஊத்திக்குங்க."

இலையில் கை வைத்தபின் எங்கள் பக்கம் எவனும் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசமாட்டான். நானும் பேசவில்லை. இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வரியை என் பேனாவாலேயே அடித்தேன். துப்புக்கெட்டவன்.

தேவமணியிடம், "போர்டுல எடம் பத்தலீங்க" என்று புளுகினேன்.

"மூணெழுத்துப் பேருங்க சார்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போர்டு வைத்தார்கள். அதற்கு முன்னால் நின்று துணை நடிகர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஷூட்டிங் படை வேறு ஊர் பார்த்துப் போனது. பெரிய மனிதர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கோயமுத்தூர் ஃப்ளாட்டில் குடியேறினார். சிறையை மண் கொட்டி மூடி வீட்டு சைட் போட்டார்கள். தொலைந்தது சனியன் என்று எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

தேவமணியும் இந்த வருஷம் போய்விட்டார். முந்தாநாள் அவருடைய மகள் போன் செய்தாள்.

"சார், அம்மா கல்லறைக் கல்லுல அவங்க அப்பாரு பேரையும் போடலாம்னு இருக்கறோங்க. எங்ககிட்ட அம்மா சொன்னதே இல்லீங்க. சாருக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுவாங்க."

யோசித்தேன். எதிரித் தளபதிக்கு நானாக இட்டுக்கட்டிய பெயர், பட்டத்தோடு, வரிசை பிசகாமல் வந்து நின்றது. இந்த மனிதரின் பெயர் வரவில்லை.

"மறந்துபோச்சு கண்ணு" என்றேன்.

"பரவால்லீங்க சார்" என்றாள்.