கர்ப்பிணிகள் வரிசையில் நான்

திருச்சிக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிது. நெய்ப் பொங்கல் சாப்பிட்டாலே எனக்கு வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடிக்கும். வாயு என்று சோடா குடித்தே ஆறு மாதம் ஓட்டினேன். காய்ச்சலும் சேர்ந்த பிறகுதான் ஸ்ரீரங்கத்தில் டாக்டரிடம் போனேன். அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். ஐம்பது வயது ஆண் நான், கூச்சப்பட்டு எழுந்து கிளம்பினேன். அடுத்து உள்ளே போகவேண்டிய பெண் மறித்தாள்.

"சார், உங்க கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. எனக்குப் பதிலா நீங்க முதல்ல போங்க."

ஸ்கேனுக்காக ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருந்தவள் அவள்.

பித்தப்பையில் கல். ஆபரேஷனில் பதினோரு கற்களை எடுத்தார்கள், பிழைத்தேன்.

இப்போது யாராவது சாப்பிட்டதும் விலாவைப் பிடித்தால், சோடாவைப் பிடுங்கிவிட்டு டாக்டரிடம் இழுத்துப்போகிறேன். ஸ்கேன் என்றால் துணைக்கும் போகிறேன். கர்ப்பிணிகளுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருகிறேன்.